அத்தையைப் படம் எடுத்த கதை

அன்பு மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே. சித்திரைத் திருவிழாவுக்கு வந்துவிட்டு நீ மஸ்கட் திரும்பிய பிறகு உனக்கு ஒரு வரி எழுதவில்லை, நீ கூப்பிட்டபோதெல்லாம் "அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். தப்புதான். இப்போதும் போனில் சொல்லாமல் கடிதமாக எழுத ஒரு காரணம் இருக்கிறது, வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், அந்த இடம் வரும்போது உனக்கே புரியும். உறைக்குள் இரண்டு படம் வைத்திருக்கிறேன். கடிதத்தைப் படித்து முடித்துவிட்டுப் பார்.

அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தாரே, அந்த நிக்கான் எஃப்.இ. கேமரா இப்போது என்னிடம் இருக்கிறது. திவசம் முடிந்த மறுநாள் அண்ணி பீரோவைத் திறந்து, பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். "இது என்னன்னு உங்களுக்குத்தான் தெரியும், வச்சுக்கங்க தம்பி" என்றார். அதைத் தொட்டதற்காக நீ வாங்கிய அடிதான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அதை எடுத்து உன் கையில் கொடுத்தவன் நான். அண்ணன் இருக்கும்போதே அவரிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

பின்மூடியைத் திறந்தால் ஓரத்தில் இருந்த ஸ்பாஞ்செல்லாம் தார் மாதிரி இளகி விரலில் ஒட்டியது. லென்ஸுக்குள் வெள்ளை நூல் பின்னியது போலப் பூஞ்சை. டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு மாடியில் பழைய கேமரா பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இன்னும் இருக்கிறார். இரண்டு வாரம் வைத்திருந்து துடைத்து, புது ஸ்பாஞ்ச் ஒட்டிக் கொடுத்தார். "மெஷின்ல ஒரு குறையும் இல்ல, வெளிச்சமே காட்டாம பூட்டி வச்சதுதான் குறை" என்றார். பட்டன் பேட்டரி இரண்டு போட்டேன். முதல் நாள் ஒன்றுமே அசையவில்லை, பட்டனும் அமுங்கவில்லை. பிலிம் ரோலைச் சுற்றுகிற லீவரைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்தால்தான் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் உயிர் பெறும் என்று அந்தப் பெரியவர் போனில் சொன்ன பிறகுதான் தெரிந்தது. இழுத்தேன். உள்ளே முள் எழுந்தது. மாப்ள, 1978-ல் வந்த மாடல் அது, எத்தனையோ வருஷம் இருட்டுக்குள் கிடந்தது, அந்த முள் எழுந்து நின்றதைப் பார்த்தபோது அண்ணனே இருமிவிட்டு எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு.

உனக்கு இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லியே ஆக வேண்டும். கண்ணை வைத்துப் பார்த்தால் இடது ஓரத்தில் எண்களை வரிசையாக எழுதியிருக்கும். மேலே 1000, அதாவது வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கீழே போகப் போக எட்டு வினாடி வரைக்கும். கருப்பு முள் வெளிச்சத்தைப் பார்த்து அதில் ஏறி இறங்கும். ஜன்னல் பக்கம் திருப்பினால் குதித்து மேலே போகும், கட்டிலுக்கு அடியில் காட்டினால் மெதுவாகக் கீழே சரியும். ஒரு சாயங்காலம் முழுக்க வீட்டைச் சுற்றி இதையே பார்த்துக்கொண்டிருந்தேன், படமே எடுக்கவில்லை. பகல் முழுக்க ஒரே வெளிச்சம் என்று நாம் நினைக்கிற கூடத்துக்குள்ளேயே இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் எட்டு மடங்கு வித்தியாசம் இருக்கிறது. நம் கண் அதைச் சொல்வதே இல்லை, தானாகச் சரிசெய்துகொள்கிறது.

இதில் ஆட்டோ என்று ஒரு வசதி உண்டு. ஆட்டோ என்றதும் போன் மாதிரி எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதே. போகஸ் நம் கையில், அப்பர்ச்சர், அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழைகிற துவாரத்தின் அளவு, அதுவும் நம் கையில். எண் கூடினால் துவாரம் சிறுக்கும். 5.6-ல் வைத்தால் அதற்கு ஷட்டர், அதாவது பிலிமுக்கு முன்னால் இருக்கிற திரை, எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்ற ஒரு கணக்கைத்தான் அது போடும். 8-க்குத் திருப்பினால் வெளிச்சம் பாதியாகும், அது நேரத்தை இரண்டு மடங்காக்கிக்கொள்ளும். லென்ஸ் மூடியை எடுக்காமல் ஒருமுறை அமுக்கிவிட்டேன், உள்ளே ஒரே இருட்டு, எதுவும் தெரியவில்லை, உடைத்துவிட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அது பாவம், வெளிச்சம் வரட்டும் என்று ஷட்டரைத் திறந்து வைத்துக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. சில வினாடி கழித்து 'டக்' என்று மூடியது.

முதல் ரோல் முழுக்கப் போய்விட்டது. என் தங்கச்சி பேத்திக்குக் காதுகுத்து, சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். 36 படம் எடுக்கக்கூடிய ரோல், எண்ணிக்கை 36-ஐத் தொட்ட பிறகும் லீவர் சுற்றிக்கொண்டே இருந்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது. பின்னால் திறந்து பார்த்தால் பிலிமின் நுனி ஸ்பூலில் பிடிக்கவே இல்லை, வெளியே நீட்டிக்கொண்டு அப்படியே இருந்தது. லீவரைச் சுற்றும்போது இடதுபக்கம் இருக்கிற ரீவைண்ட் குமிழும் கூடவே சுற்ற வேண்டும், சுற்றினால்தான் பிலிம் நகர்கிறது என்று அர்த்தம். எண்ணிக்கை மட்டும் பிலிம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடும். பெரிய அத்தான் அன்றைக்குத்தான் கடைசியாக வெளியே வந்தது, அடுத்த மாதம் போய்விட்டார், உனக்குத் தெரியும். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, வாயெல்லாம் வெற்றிலையோடு சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்கேயும் பதியவில்லை. இதை இன்னும் என் தங்கச்சியிடம் சொல்லவில்லை, "கழுவக் கொடுத்திருக்கேன்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது ரோலைப் போட்டதும் சோழவந்தானுக்குத்தான் போனேன். அத்தையை, அதான் உன் அம்மாவை, பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. கொடிக்கால் பக்கம் இரண்டு படம், ரயில்வே கேட்டில் ஒன்று, அப்புறம் வீட்டுக்கு வந்தேன். அத்தை வழக்கமான இடத்தில், வாசல்படிக்கு உள்பக்கம், தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பின்னால் வாசல் வழியாகப் பதினொரு மணி வெயில். அழகாக இருந்தது, தலைமுடி ஓரமெல்லாம் வெள்ளி மாதிரி. 5.6-ல் வைத்துப் பார்த்தேன், முள் 500-ல் நின்றது, ஆட்டோதான் இருக்கிறதே என்று நாலைந்து எடுத்தேன்.

சென்னையில் கழுவி ஸ்கேன் ஆகி வந்தபோது வாசல் இருக்கிறது, தெரு இருக்கிறது, எதிர்வீட்டு ஆட்டுக்குட்டிகூட இருக்கிறது. அத்தை முகம் கருப்பு. கண்ணும் இல்லை மூக்கும் இல்லை. நெகட்டிவைப் பல்பில் காட்டினால் அந்த இடத்தில் ஒரு பதிவும் இல்லை, வெறும் ஆரஞ்சு நிறம். வைகை அணை டூரில் ஹாட்ஷாட் கேமராவில் நீ எடுத்த அத்தனை படத்திலும் உன் கட்டைவிரல்தான் இருந்தது, ஆனால் கட்டைவிரலுக்குப் பின்னால் முகமாவது தெரிந்தது மாப்ள.

மறுபடி டவுன்ஹால் ரோட்டுக்கு ஓடினேன். பெரியவர் ஸ்கேனைப் பார்த்ததும் சொல்லிவிட்டார். மீட்டருக்கு அத்தை யார், வாசல் எது என்று தெரியாது. அது பார்க்கிற உலகம் முழுக்க நடுத்தரச் சாம்பல் நிறம், அதாவது விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்குப் பதினெட்டு திருப்பி அனுப்புகிற நிறம். எதைக் காட்டினாலும் அதைச் சாம்பலாக்கத்தான் கணக்குப் போடும். வெள்ளைச் சுவரைக் காட்டினால் சுவர் அழுக்காகும், வெயில் வாசலைக் காட்டினால் வாசல் சரியாகும், முன்னால் இருக்கிற ஆள் கரியாவார். நடுவில் தெரிகிற வட்டத்துக்கு அறுபது பங்கு மதிப்பு, சுற்றியிருப்பதற்கு நாற்பது. நம் ஊர் முகங்களுக்கு நம் ஊர் வெயிலில் இது ரொம்பக் கவனிக்க வேண்டிய விஷயம். "ஆட்டோ பொய் சொல்லாது, ஆனா நீங்க எதைக் கேட்டீங்களோ அதுக்குத்தான் பதில் சொல்லும். முகத்துக்கிட்ட போய்க் கேளுங்க" என்றார் பெரியவர். முன்பக்கம் செல்ஃப் டைமர் லீவர் இருக்கிறதல்லவா, அதை லென்ஸ் பக்கமாகத் தள்ளிப் பிடித்தால் அளந்த வெளிச்சத்தை அப்படியே ஞாபகம் வைத்துக்கொள்ளும். பக்கத்தில் போய் முகத்தை அளந்து, லீவரைப் பிடித்தபடி பின்னால் வந்து எடுக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ரோலோடு மறுபடி போனேன். அதே இடம், அதே வெயில். அத்தை கேட்டார், "அதான் அன்னைக்கே எடுத்தியே". முகம் சரியாக விழவில்லை என்றேன். சரி, சுலபமான வழி, தெருவைப் பார்த்துத் திரும்பி உட்காரச் சொல்வோம் என்று, "அத்தை, இப்படி வாசலைப் பார்த்து உட்காருங்க" என்றேன். "டேய், ஏன்டா என்னை வெளிச்சத்துல இழுக்குற, கண்ணு கூசுது" என்றார். சரிதான், வெயில் என்று விட்டேன். பிறகு முகத்தை அளக்க ஒரு முழம் தூரத்துக்குப் போனேன். 500-ல் நின்ற முள் சரசரவென்று 30-க்கு இறங்கியது. நான்கு படி, படிக்கு இரண்டு மடங்கு, ஆகப் பதினாறு மடங்கு, அவ்வளவு வெளிச்சத்தை முந்தின தடவை அத்தை முகத்துக்குக் கொடுக்காமல் விட்டிருக்கிறேன். 30-ல் கை நடுங்கினால் படம் கலங்கும் என்று அப்பர்ச்சரை 4-க்குத் திறந்து 60 ஆக்கினேன்.

இந்தக் கேமராவில் போகஸ் செய்ய நடுவில் சின்ன வட்டம் இருக்கும், போகஸ் இல்லாவிட்டால் அந்த வட்டத்துக்குள் உருவம் இரண்டு துண்டாக விலகித் தெரியும், சரியானதும் துண்டுகள் ஒன்று சேரும். அத்தையின் இடது கண்ணில் வைத்தேன். மேல் இமை ஒரு பக்கம், கீழ் இமை ஒரு பக்கமாக நின்றது, மெதுவாகத் திருப்பத் திருப்ப சேர்ந்தது. சேர்ந்ததும் பார்த்தேன், கண்மணி கருப்பாக இல்லை மாப்ள. பால் கலந்த தண்ணீர் மாதிரி இருந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். லீவரைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. "எடுத்துட்டியா" என்று கேட்டுக்கொண்டே அத்தை முகத்தை மெல்லத் திருப்பி, வலது கண்ணால் என்னைத் தேடினார்.

அப்போதுதான் எல்லாம் சேர்ந்து விளங்கியது. அத்தை எத்தனை மாதமாக வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்கிறார் என்று யோசித்துப் பார். முன்பெல்லாம் தெருவைப் பார்த்து உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி விசாரிப்பார். நீ சித்திரைக்கு வந்தபோதும் உள்ளே பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார், நாமிருவரும் பக்கத்தில் உட்கார்ந்து வடை தின்றோம், கவனிக்கவில்லை. கீரையை அவர் கண்ணால் ஆயவில்லை, விரலால் தடவி ஆய்கிறார். ஆய்ந்த கீரையில் இரண்டு புல் கிடந்தது.

நான் மெதுவாகக் கேட்டேன். முதலில் மறுத்தார், அப்புறம் சொன்னார். இடது கண் பொங்கலுக்கு முன்பிருந்தே புகை மூட்டம் மாதிரியாம், வலதும் இப்போது மங்குகிறதாம். ராத்திரி தெருவிளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிகிறதாம். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். "அவன் அங்க தனியா கெடந்து அல்லாடுறான், இதையும் கேட்டா வேலையை விட்டுட்டு வந்துருவான்." அதோடு ஒரு பயமும் இருக்கிறது. அவருடைய அம்மாவுக்கு அந்தக் காலத்தில் ஆபரேஷன் செய்து, நாள்கணக்கில் அசையாமல் படுக்கவைத்து, அப்புறம் சாகும்வரை சோடாபுட்டிக் கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியவில்லையாம். இப்போது அப்படி இல்லை, புரையை எடுத்துவிட்டு உள்ளேயே லென்ஸ் வைத்துவிடுகிறார்கள், பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம் என்று எவ்வளவோ சொன்னேன். நம் சித்தப்பாவுக்கு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் பார்த்தோமே, இரண்டாம் நாள் பேப்பரை எடுத்துவைத்துக்கொண்டு நம்மை விரட்டினாரே, அதையும் சொன்னேன். "அவரு ஆம்பள" என்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வது.

நான் டாக்டர் இல்லை, புரை என்றுதான் நினைக்கிறேன், வேறாகவும் இருக்கலாம், அதனால்தான் தள்ளிப்போட மனம் வரவில்லை. போனில் உன்னிடம் சொல்லியிருந்தால் அடுத்த நிமிஷம் நீ அத்தைக்குப் போன் போட்டிருப்பாய், அவர் "ஒண்ணுமில்லப்பா, அவனுக்கு வேற வேலையில்ல" என்று முடித்திருப்பார், நீயும் நம்பியிருப்பாய். அதனால்தான் படத்தையும் சேர்த்து அனுப்புகிறேன். முதல் படம் இரண்டாவது ரோலில் இருந்து, முகம் இல்லாதது. அடுத்தது போன ஞாயிறு எடுத்தது. வாசல் வெளுத்துப்போய் ஒன்றுமே தெரியாது, அது போகட்டும். முகத்தைப் பார். இடது கண்ணைப் பார்.

நீ ஓடி வரவேண்டாம், லீவு இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு வேலை செய். அத்தைக்குப் போன் போட்டு, "பங்காளி கூப்பிடுற இடத்துக்குப் போயிட்டு வாங்கம்மா" என்று மட்டும் சொல். நீ சொன்னால் கேட்பார். அடுத்த திங்கள் காலையில் நானும் உன் அக்காவும் போய்க் கூட்டிவருகிறோம், பரிசோதனை முடிந்ததும் டாக்டர் சொன்னதை வார்த்தை விடாமல் உனக்குச் சொல்கிறேன். பணத்தைப் பற்றி இப்போது ஒரு வார்த்தை பேசாதே. கண்ணைப் பற்றி நான் எழுதியதாகவும் சொல்லிவிடாதே, சத்தியம் செய்துகொடுத்திருக்கிறேன். படம் பார்த்தேன், நன்றாக இருக்கிறது, அதில் கண் கலங்கின மாதிரித் தெரிகிறதே என்று நீயாகவே கேள்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். இங்கே மழை இரண்டு நாளாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது, கேமராவைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்திருக்கிறேன்.

உன்,
பங்காளி