நூல் அறுந்தால் எந்திரம் நிற்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டு இழைகளைச் சேர்த்துச் சுற்றும் டபுளிங் வைண்டிங் எந்திரத்தில் ஓர் இழை அறுந்தாலும் டிரம் (சுழலும் உருளை) உடனே நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் மற்ற இழை மட்டும் தனியே சுற்றிக்கொண்டு, முறுக்கேற்றிய பிறகும் அந்த இடம் மெலிந்தே இருந்து, நெய்த துணியில் குறையாகத் தெரியும். பழைய எந்திரங்களில், ஓடும் இழை தாங்கிப் பிடித்திருக்கும் சிறு கம்பி, இழை அறுந்த கணமே கீழே விழுந்து நிறுத்தும் விசையை இயக்கும். எளிய ஏற்பாடுதான், ஆனால் பஞ்சுத் தூசு படிந்தால் கம்பி சிக்கிக்கொள்ளும். அதைத் துடைக்கும் நேரத்தை உற்பத்தி இழப்பாகக் கணக்கிட்டவர்களிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். ஜப்பானில் சகிச்சி டொயோடா என்ற கண்டுபிடிப்பாளர் 1896இல் உருவாக்கிய விசைத்தறியே ஊடை (குறுக்கு நூல்) அறுந்தால் தானாக நின்றது என்றிருக்க, இழை அறுந்ததை உணரும் சென்சாரைத் துண்டித்துவிட்டு எந்திரத்தை ஓட்டச் சொல்வதை எந்த ஆலை நிர்வாகமும் அனுமதிக்கக் கூடாது.

ஓய்வுபெற்ற வைண்டிங் மேற்பார்வையாளர்,
கோயம்புத்தூர்