கராத்தே மாஸ்டர்களுக்கு: உங்கள் சொந்தப் பயிற்சி என்ன ஆயிற்று?

அன்புள்ள மாஸ்டர்களுக்கு, வணக்கம்.

பள்ளி மைதானத்திலும் கல்யாண மண்டபத்திலும் மொட்டை மாடியிலும் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லித்தரும் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். சங்கத் தலைவர்களுக்கு அல்ல. எந்த ஸ்டைல், எந்தச் சங்கம், எத்தனை டான் (பிளாக் பெல்ட்டின் படிநிலை) என்பதெல்லாம் இந்த மடலுக்குத் தேவையில்லை. நானும் மதுரையில் வகுப்பு நடத்திப் பிழைப்பவன்தான்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். யாரும் பார்க்காத நேரத்தில், உங்களுக்காக மட்டும், கடைசியாக எப்போது ஒரு கட்டா (வரிசைப்படி அமைந்த தனிப் பயிற்சி அசைவுகள்) செய்தீர்கள்?

"சொல்லிக்கொடுக்கிறதே பயிற்சிதானே?" என்று நம்மில் பலர் சொல்கிறோம். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வகுப்பில் நாம் இச்சி, நீ, சான் என்று ஜப்பானிய மொழியில் எண்ணுகிறோம். வரிசையைச் சரிசெய்கிறோம். ஒரு கிக்கை அரைகுறை வேகத்தில் இரண்டு முறை காட்டுகிறோம். நடுவில் ஒரு பையனுக்குப் பெல்ட் கட்டிவிடுகிறோம், வாசலில் நிற்கும் அம்மாவுக்குப் பதில் சொல்கிறோம். இதில் நம் குரலுக்குத்தான் நல்ல பயிற்சி. இடுப்பும் முழங்காலும் மூச்சும் சும்மாவே இருக்கின்றன.

இது சோம்பலால் வருவதில்லை. காலையில் ஒரு பள்ளி, மதியம் இன்னொரு பள்ளி, மாலையில் சொந்த வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை பெல்ட் டெஸ்ட் அல்லது போட்டி என்று ஓடுகிறோம். மாதக் கட்டணத்தில் பள்ளிக்கு ஒரு பங்கு போய்விடும். மிச்சத்தில் இட வாடகையும் பெட்ரோலும் போனால் கையில் நிற்பது கொஞ்சம்தான். டெஸ்ட் கட்டணம் இல்லாவிட்டால் பலருக்கு வீடு நடக்காது. இந்த ஓட்டத்தில் முதலில் விட்டுப்போவது, யாரும் காசு கொடுக்காத, யாரும் கேள்வி கேட்காத நம் சொந்தப் பயிற்சி. அது தெரிந்துதான் எழுதுகிறேன். உங்களைக் குறைசொல்ல எழுதவில்லை.

ஆனால் பயிற்சியை நிறுத்தினால் முதலில் மங்குவது கண். உடம்பு தளர்வது அதற்கு அப்புறம்தான். கியாக்கு சுக்கி (முன்னே இருக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையால் விடும் குத்து) குத்தும்போது பின்னங்கால் குதிகால் தூக்கிக்கொள்ளும் பிள்ளையைப் பாருங்கள். தானும் தினமும் குத்துகிற மாஸ்டருக்கு அது ஏன் என்று தன் காலிலேயே தெரியும்: கணுக்கால் இறுக்கமாக இருக்கலாம், ஸ்டான்ஸ் (கால் அகட்டி நிற்கும் நிலை) அந்தப் பிள்ளையின் உயரத்துக்கு மீறி நீளமாக இருக்கலாம், இடுப்பு திரும்பாததைத் தோளை நீட்டி ஈடுகட்டிக்கொண்டிருக்கலாம். மூன்றுக்கும் திருத்தம் வேறுவேறு. பயிற்சியை விட்ட மாஸ்டருக்கு மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும். "குதிகாலை ஊன்று!" என்று கத்துவார். பிள்ளை ஊன்றும். அடுத்த குத்தில் மறுபடி தூக்கும். மாஸ்டர் இன்னும் சத்தமாகக் கத்துவார்.

குதிரைமேல் உட்கார்ந்ததுபோல் கால் அகட்டி நிற்கும் கிபா டாச்சியில் முழங்கால் உள்பக்கம் சரிவதும் அப்படித்தான். நாம் தினமும் அதில் நின்று தொடை நடுங்கினால், அந்த முழங்காலைப் பார்த்தவுடன் "கொஞ்சம் மேலே எழுந்து நில்லுப்பா" என்று சொல்லத் தோன்றும். நிற்காமல் ஸ்டாப்வாட்ச் மட்டும் பிடித்தால், இன்னும் ஒரு நிமிடம் என்றுதான் வரும். தண்டனையாக வாத்து நடை போடவைப்பதையும், எட்டு வயதுப் பிள்ளைகளைச் சிமெண்ட் தரையில் முஷ்டி ஊன்றித் தண்டால் எடுக்கச் சொல்வதையும் இன்றும் பல வகுப்புகளில் பார்க்கிறேன். பிள்ளைகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சிக் குருத்தெலும்பு பதின்ம வயதின் பிற்பாதி வரைகூட முழுதாக மூடுவதில்லை. அந்த வயதில் முஷ்டியை மரத்துப்போகச் செய்வது வீரம் ஆகாது. இதைப் புரிந்துகொள்ள மருத்துவப் படிப்பு வேண்டாம். நீங்களே ஒரு சுற்று வாத்து நடை நடந்து பாருங்கள், மறுநாள் மாடிப்படி இறங்கும்போது முழங்கால் சொல்லிவிடும்.

நாம் பெயர் சொல்லிப் பெருமைப்படும் பெரியவர்கள் எப்படிக் கற்றார்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். ஷொட்டோக்கான் ஸ்டைலின் கிச்சின் ஃபுனாகோஷி 1868இல், இன்று ஜப்பானில் உள்ள ஒகினாவாத் தீவின் ஷுரியில் பிறந்தவர். தொழில் பள்ளி ஆசிரியர். பகலெல்லாம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு இரவில் நடந்து தன் ஆசிரியர் அஸாத்தோவின் வீட்டுக்குப் போவார். விளக்கு வெளிச்சத்தில் முற்றத்தில் ஒரே கட்டாவைத் திரும்பத் திரும்பச் செய்வார். ஆசிரியர் உட்கார்ந்து பார்ப்பார், "இன்னொரு முறை" என்பார். பாராட்டு அபூர்வம். டெக்கி என்ற மூன்று கட்டாக்களைக் கற்க அவருக்குப் பத்து ஆண்டுகள் ஆயின. பள்ளி வேலை முடித்துவிட்டுக் களைப்போடு போனவர் அவர் என்பதைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நமக்கு இருக்கும் அதே களைப்பு.

கோஜு ரியு ஸ்டைலைத் தந்த சோஜுன் மியாகி மாணவர்களைச் சான்சின் என்ற ஒரே கட்டாவிலேயே ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைத்தவர். தன் வாழ்நாளில் யாருக்கும் டான் பட்டம் கொடுக்கவில்லை. நாம் மூன்று மாதத்துக்கு ஒரு டெஸ்ட் வைக்கிறோம். பெல்ட்டையே ஒழித்துவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு நிறம் மாறும் பெல்ட் ஒரு உற்சாகம், அதைப் பிடுங்குவானேன்? ஆனால் டெஸ்ட் தேதியைக் காலண்டர் முடிவுசெய்கிறதா, பிள்ளையின் உடம்பு முடிவுசெய்கிறதா என்பதை மாஸ்டர்தான் பார்க்க வேண்டும். அதற்குக் கண் வேண்டும். கண்ணுக்குப் பயிற்சி வேண்டும்.

நாம் இப்படிப் பள்ளிகளில் வகுப்பெடுக்க வழிவகுத்தவர் அங்கோ இத்தோசு. 1901இல் ஒகினாவாவின் ஆரம்பப் பள்ளியில் கராத்தேயைப் பாடமாக நுழைத்தவர். நாம் ஆரம்பத்தில் சொல்லித்தருகிற பின்னான் கட்டாக்கள் (ஷொட்டோக்கானில் ஹெய்யான்) ஐந்தையும் பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்தவர் அவர்தான். 1908இல் அவர் கல்வித் துறைக்கு ஒரு மடல் எழுதினார். அதில் பத்து விஷயங்கள் சொல்கிறார். கராத்தேயை அவசரமாகக் கற்க முடியாது, மெதுவாக நடக்கும் மாடும் ஆயிரம் காதம் போய்ச் சேரும் என்கிறார். தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் செய்தால் மூன்று நான்கு ஆண்டுகளில் உடம்பு மாறும் என்கிறார். முடிக்கும்போது அவர் வைக்கும் யோசனைதான் எனக்கு முக்கியம்: ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படிப்பவர்கள் முதலில் இதை நன்றாகக் கற்கட்டும், பிறகு பள்ளிகளுக்குப் போய்ச் சொல்லித்தரட்டும். பிள்ளைகளுக்காக எழுதிய மடலில் அவர் கவலைப்பட்டது ஆசிரியரின் பயிற்சியைப் பற்றி.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். ஐம்பதை நெருங்கும் வயதில் நான் ஒரு சிலம்ப ஆசானிடம் சேர்ந்தேன். தொலைவில் இருக்கும் ஜப்பானிய ஆசிரியரிடம் போக வசதி இல்லை. பக்கத்துக் கிராமத்தில் ஆசான் இருந்தார், போனேன். பிளாக் பெல்ட் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன் நெடுநாள் காலடிப் பயிற்சிதான். எனக்குக் கால் ஓடவில்லை. கராத்தேயில் காலை ஊன்றி ஊன்றிப் பழகிய உடம்பு அது, சுவடு மாற்றும் இடமெல்லாம் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்ற ஆறாம் வகுப்புப் பையன் சரளமாகப் போனான்.

அங்கே நான் கற்றதில் பாதி சிலம்பம், பாதி எப்படிச் சொல்லித்தருவது என்பது. ஆசான் எதையாவது காட்டினால் முதுகைத் திருப்பிக்கொண்டு காட்டுவார். நாம் எல்லோரும் வகுப்பைப் பார்த்து நின்றுதான் காட்டுகிறோம். நம் வலது கை பிள்ளைக்கு இடது பக்கம் தெரிகிறது, பிள்ளை அதைத் தலைக்குள் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். எனக்கே அது எவ்வளவு சிரமம் என்பது கற்கும் இடத்தில் நின்றபோதுதான் தெரிந்தது. இன்னொன்று, ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு ஒரு திருத்தம்தான் சொல்வார். என்னிடம் பத்துக் குறை இருந்திருக்கும். "இன்னைக்கு இடது காலை மட்டும் பாருங்க தம்பி" என்பார். மற்றதெல்லாம் அப்படியே விட்டுவிடுவார். வீட்டுக்குப் போகும்போது இடது கால் மட்டும் மனதில் இருக்கும். மறுநாள் அது சரியாகி வரும். நாம் கையை, காலை, இடுப்பை, பார்வையை எல்லாம் ஒரே மூச்சில் திருத்துகிறோம். பிள்ளை தலையாட்டுகிறது. எதுவும் உள்ளே போகாது.

அங்கே எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் பலர் விடாமல் வந்தார்கள். கருப்புப் பேண்ட், கையில் கம்பு. என் வகுப்பிலும், எனக்குத் தெரிந்த மற்ற மாஸ்டர்களின் வகுப்புகளிலும் சரியாக அந்த வயதில்தான் பெண் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். படிப்பு, டியூஷன் என்று காரணம் சொல்வார்கள். ஓர் அம்மாவிடம் என் மனைவி விசாரித்தபோது உண்மை வந்தது: மாதவிலக்கு நாட்களில் வெள்ளைச் சீருடையில் கிக் போட அந்தப் பிள்ளைக்குப் பயம். என் வகுப்பில் இப்போது யார் வேண்டுமானாலும் கருப்புப் பேண்ட் போடலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. போட்டிக்குப் போகும்போது மட்டும் விதிப்படி வெள்ளை. நின்றுபோன சிலர் திரும்ப வந்தார்கள். உங்கள் வகுப்பிலும் இதைச் செய்யுங்கள் என்று வேண்டிக் கேட்கிறேன். இதற்குச் சங்கத்தின் அனுமதி எல்லாம் தேவையில்லை.

கற்பவனாக நின்றதில் என் வகுப்பே மாறியது. இப்போது வாரத்தில் சில நாள் சீனியர் மாணவன் ஒருவனை எண்ணச் சொல்லிவிட்டு நான் வரிசையில் நின்று செய்கிறேன். முதல் நாள் ஒரு சின்னப் பையன் கேட்டான்: "மாஸ்டர், நீங்க எந்த பெல்ட் டெஸ்ட்டுக்குப் பிராக்டீஸ் பண்றீங்க?" எந்த டெஸ்ட்டுக்கும் இல்லை என்றேன். அவனுக்கு அது புரியவே இல்லை. டெஸ்ட் இல்லாமல் ஒருவர் ஏன் வியர்க்க வேண்டும்? நம் பிள்ளைகள் அப்படி ஒரு பெரியவரைப் பார்த்ததே இல்லை. தினமும் பார்த்தால் அதுவே பெரிய பாடம்.

வயதாகிவிட்டது என்று சொல்லாதீர்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கட்டாவில் தங்கம் வாங்கிய ஸ்பெயினின் சாண்ட்ரா சான்செஸுக்கு அப்போது வயது 39. நம்மிடம் யாரும் ஒலிம்பிக்கைக் கேட்கவில்லை. ஒரு பின்னான் கட்டாவை மூச்சு வாங்காமல், முழங்காலுக்குச் சேதமில்லாமல், ஒவ்வொரு அசைவும் எதற்கு என்று தெரிந்து செய்தால் போதும்.

ஆண்டு விழா நிகழ்ச்சிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓட்டில் தீ வைத்து உடைப்பது, பிள்ளைகளின் கைமேல் பைக் ஏற்றுவது, மணிக்கணக்கில் குத்துகள் விடவைத்து உலக சாதனைச் சான்றிதழ் வாங்கித்தருவது. மாஸ்டரிடம் காட்டுவதற்குச் சொந்தக் கலை இல்லாதபோதுதான் பிள்ளையின் உடம்பைக் காட்ட வேண்டியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அடுத்த ஆண்டு விழாவில் நீங்களே மேடை ஏறி ஒரு கட்டா செய்யுங்கள். இரண்டு நிமிடம்தான். பெற்றோர் அதையும் கைதட்டிப் பார்ப்பார்கள்.

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. முதல் வகுப்புக்கு முன் அரை மணி நேரம் உங்களுக்காக ஒதுக்குங்கள், போனைப் பையில் போட்டுவிட்டு. அப்புறம், உங்களைத் திருத்தக்கூடிய ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். பழைய மாஸ்டர் இருந்தால் அவர், இல்லையென்றால் வேறு ஸ்டைல்காரர், சிலம்ப ஆசான், யோகா ஆசிரியர், யாராக இருந்தாலும் சரி. உங்களைவிடச் சின்ன வயது என்றாலும் பரவாயில்லை.

மூன்றாவதாக, மாஸ்டர்கள் மட்டும் மாதம் ஒருமுறை சேர்ந்து பயிற்சி செய்வோம். கோஜுக்காரர் சான்சின் காட்டட்டும், ஷொட்டோக்கான்காரர் டெக்கி காட்டட்டும், மற்றவர்கள் பின்னால் நின்று செய்வோம். மாணவர்கள், பேனர், பொன்னாடை, குரூப் போட்டோ எதுவும் வேண்டாம். மதுரையில் சிலரிடம் பேசிவிட்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு, காலை ஐந்தரை முதல் ஏழரை வரை. அன்றைக்கு டெஸ்ட் வைத்திருப்பவர்களும் முடித்துவிட்டுப் போக வசதியாக இருக்கும் என்றுதான் அந்த நேரம். எல்லோரும் வெள்ளை பெல்ட் கட்டி வருவதென்று முடிவு. உங்கள் ஊரிலும் இரண்டு பேர் சேர்ந்தால் தொடங்கிவிடலாம்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு கராத்தே மாஸ்டர்