வீட்டுக் கடன் தரும் வங்கி மேலாளர்களுக்கு, கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு மடல்

மதிப்பிற்குரிய மேலாளர்களுக்கு,

வணக்கம். வடசென்னை கொருக்குப்பேட்டையில் ஒன்பது வருடமாக டே கேர் நடத்தி, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். இப்போது 16 பிள்ளைகள். எம்.சி. ரோடு துணிக்கடையில் நிற்பவர்கள், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர்கள் என்று எல்லார் பிள்ளைகளும் உண்டு. மீன்காரம்மாவின் பையன் விடியும் முன்பே தூக்கத்தோடு தோளில் வருவான். துணிக்கடை அம்மா மகளைக் கூட்டிப்போக ராத்திரி ஒன்பதரை ஆகிவிடும். "ரயில்வே கேட் போட்டுட்டாங்க அக்கா" என்று போன் வந்தால் இன்னும் அரை மணி நேரம்.

இவ்வளவும் நாங்கள் குடியிருக்கிற இரண்டு அறை வாடகை போர்ஷனில்தான் நடக்கிறது. என் கணவருக்கு நைட் ஷிஃப்ட். பகலில் அவர் தூங்க வேண்டும், பிள்ளைகளுக்கு ஓடி ஆட வேண்டும். போதாததற்கு, பதினோரு மாத அக்ரிமென்ட் முடியும்போதெல்லாம் வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று வயிற்றைக் கலக்கும். இரண்டு முறை காலி செய்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் நாலைந்து பிள்ளைகள் நின்றுபோயின. அதனால்தான் இதற்கென்று தனியாக ஒரு வீடு வாங்கத் துணிந்தேன்.

எங்கள் பக்கம் அப்படி ஒரு வீடு கிடைப்பது லேசில்லை. குழந்தைகளுக்குக் கீழ்வீடுதான் சரி. ஆனால் ரோடு மேல் ரோடு போட்டுப் போட்டு, பழைய வீடுகளுக்குத் தெருவிலிருந்து இரண்டு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று சுவரைப் பார்த்தாலே தெரியும். பார்க்கப்போன வீட்டிலெல்லாம் முதலில் சுவரில் அந்தக் கறையைத்தான் தேடினேன். கடைசியில் திண்ணை உயர்ந்த ஒரு பழைய வீடு அமைந்தது. தூளி கட்ட உத்தரத்தில் மூன்று இரும்பு வளையம், பின்னால் அடிபம்பு. விலை 30 லட்சம். மூன்று லட்சம் கையில் இருக்கிறது. பத்திரச் செலவு நூற்றுக்கு ஒன்பது, அதற்கு நகை இருக்கிறது. பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகை என்று 2025 ஏப்ரலில் வந்தது. அது 10 லட்சம் வரையுள்ள சொத்துக்குத்தான்.

ஒரு வங்கியில் உட்கார்ந்து பேசினேன். டே கேர் நடத்த என்றால் வீட்டுக் கடன் வராது, வியாபாரக் கடன்தான் என்றார்கள். சரி, விதி அப்படி. அதற்கு வட்டி கூடும், வருடம் குறையும். வீட்டிற்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 27 லட்சத்துக்கு 9 சதவீதம், 20 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 24,300 ரூபாய். அதுவே 11 சதவீதம், 10 வருடம் என்றால் 37,200. வித்தியாசத்தைப் பிள்ளைகள் தலையில் வைத்தால் ஆளுக்கு 800 ரூபாய் ஏறும். இப்போது வாங்குவது 3,000. அந்த 800ஐத் தர முடியாத அம்மா பிள்ளையை எங்கே விடுவார் தெரியுமா? நாலாவது படிக்கிற அக்காவைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, அவள் இடுப்பில் விடுவார். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அங்கே இருந்த அதிகாரி நல்ல மனசோடுதான் சொன்னார்: "குடியிருக்கப் போறேன்னு எழுதிக் கொடுங்கம்மா, சீக்கிரம் முடிஞ்சிடும்." என்னால் முடியவில்லை. எந்தப் பிள்ளைக்கு எத்தனை மணிக்குக் காய்ச்சல், எத்தனை மில்லி மருந்து என்று நோட்டில் எழுதி, சாயங்காலம் அம்மாவிடம் காட்டுகிறவள் நான். பிள்ளை கட்டிலிலிருந்து விழுந்தால் அதையும் எழுதுகிறேன். அந்த வீட்டுப் பத்திரத்தை எப்படிப் பொய் எழுதி வாங்குவேன்?

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017இல் சட்டம் வந்தது. ஆறு பேர் நிற்கிற துணிக்கடைக்கும் மீன் கூடைக்கும் அது இல்லை. அங்கன்வாடி சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். மிச்ச நேரத்தை எங்களைப் போன்றவர்கள்தான் பார்த்துக்கொள்கிறோம்.

நான் கேட்பது இதுதான். குழந்தைகள் சாப்பிட்டு, தூங்கி, விளையாடுகிற வீட்டை வீடாகவே கணக்கில் எடுத்து, உண்மையைச் சொல்லியே கடன் வாங்க ஒரு வழி செய்யுங்கள். சம்பளச் சீட்டு இல்லை. ஒன்பது வருட வரவு நோட்டும், மாதம் தவறாமல் ஜிபேயில் வந்த பணமும் இருக்கின்றன. அவற்றை வருமானமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டை விற்கிற அம்மா தை மாதம் வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் உங்களில் யாராவது ஒருவர் நேரில் வந்து பாருங்கள். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை பிள்ளைகள் தூங்குவார்கள், நிதானமாகப் பேசலாம்.

இப்படிக்கு,
கொருக்குப்பேட்டையில் டே கேர் நடத்தும் ஒரு பெண்