செஸ் வரி கட்டிய ஊர்களுக்கு ஒரு பலகை

அனுப்புநர்:
முத்துப்பேட்டை ரயில் பயணிகள் சார்பில்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்.

பெறுநர்:
கோட்ட ரயில்வே மேலாளர் அவர்கள்,
தெற்கு ரயில்வே, திருச்சிராப்பள்ளி.

பொருள்: மயிலாடுதுறை – அறந்தாங்கி பாதையின் வரலாற்றுப் பலகை வைக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முத்துப்பேட்டை நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, "இது வெள்ளைக்காரன் போட்ட ரயில் ரோடா தாத்தா?" என்று பேரன் கேட்டான். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 1894-இல் ரயில் ஓடியது. 1903-க்குள் பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வரை நீண்டது. மொத்தம் ஏறத்தாழ நூறு மைல் மீட்டர்கேஜ் பாதை. வண்டியை ஓட்டியது மட்டும்தான் தென்னிந்திய ரயில்வே கம்பெனி. பாதை, மாவட்ட நிர்வாக அமைப்பான தஞ்சாவூர் ஜில்லா போர்டுக்குச் சொந்தம். அதற்கென்றே நிலத்தீர்வையோடு செஸ் என்னும் கூடுதல் வரி வசூலித்துச் சேர்த்த பணத்தில் போட்டது. அந்நாளில் போர்டுக்குத் தலைமை கலெக்டர் துரைதான், அதை மறைப்பானேன். ஆனால் பணம் எங்கள் வயல்காடு கொடுத்தது.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி. உள்ளே பூச்சி அரித்த கிஸ்தி (நிலத்தீர்வை) ரசீதுகள். தீர்வைத் தொகைக்குக் கீழே, 'செஸ்' என்று தனியாக ஒரு வரி, சில அணாக்கள். குறுவை பொய்த்தாலும் அந்த அணாவைக் கட்டியிருக்கிறார்கள்.

பிறகு காரைக்குடி வரை பாதை போனதும், கம்பன் எக்ஸ்பிரஸ் ஓடியதும், அகலப்பாதை வேலைக்காகப் பல ஆண்டுகள் ரயிலே இல்லாமல் இருந்ததும், 2019-இல் திருவாரூர் – பட்டுக்கோட்டைப் பகுதி திறந்ததும் தாங்கள் அறிந்தவை. இன்றைய பெயர்ப்பலகையில் ஊர் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று இருக்கிறது. இந்த ரயில் யார் காசில் வந்தது என்று ஒரு வரி இல்லை.

ஆகவே மயிலாடுதுறை, திருவாரூர், முத்துப்பேட்டை, அறந்தாங்கி நிலையங்களில் தமிழில் ஒரு பலகை வைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். பழைய மீட்டர்கேஜ் காலப் பொருள் ஏதேனும் கிடங்கில் கிடந்தால், ஏலத்துக்குப் போகுமுன் ஒன்றிரண்டையாவது அதன் அருகே வைக்கலாம். செலவு தடையானால் சொல்லுங்கள், ஊரில் திரட்டித் தருகிறோம். இன்னொரு முறை செஸ் கட்டியதாக இருக்கட்டும்.

நாங்கள் நினைத்த வாசகம்: "தஞ்சாவூர் ஜில்லா குடியானவர்கள் கட்டிய செஸ் பணத்தில் அமைந்த இருப்புப்பாதை. 1894–1903."

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: கிஸ்தி ரசீது நகல் – 1