முறுக்குக் கம்பெனியிலிருந்து பிள்ளைகளை மீட்டுத் தந்தவர்களுக்கு

ஸ்தோத்திரமும் வணக்கமும்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வடக்கே முறுக்குக் கம்பெனிக்குப் போன எங்கள் ஊர்ப் பையன்கள் நாலு பேரும் வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள். அதில் ஒருவன் என் அக்கா மகன். தாய்மாமன் என்கிற முறையில் நன்றி மடல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. இதில் யார் பெயரும் இருக்காது. பையன்களின் பெயரை வெளியிடச் சட்டம் விடாது. பெரியவர்களும் தங்கள் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், சிலர் கூச்சத்தில், ஒருவர் பயத்தில். படிக்கும்போது ஆள் யார் என்று பிடிபட்டால் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பெரும்பாலும் மானாவாரி நிலம். வைகை அணை கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் விட்டால்தான் உண்டு. மழை பொய்த்த வருடத்தில் வீட்டு வாசலுக்கு ஏஜென்ட் வருவார். கையில் முன்பணம் வைத்திருப்பார். சாப்பாடு, தங்க இடம் எல்லாம் கம்பெனியே பார்த்துக்கொள்ளும், வருடம் முடிந்தால் மொத்தமாகக் காசு என்பார். போன இடத்தில் விடியற்காலை நாலு மணிக்கு மாவு பிசைய எழுப்புவார்கள். ராத்திரி கடைசி பாக்கெட்டை ஒட்டிய பிறகு, அதே அறையில் மாவு மூட்டைக்குப் பக்கத்தில் படுக்கை. என் மருமகனின் இரண்டு முழங்கையும் எண்ணெய் தெறித்துத் தெறித்துப் புள்ளி விழுந்து கிடக்கிறது. வீட்டுக்குப் போகணும் என்று வாயைத் திறந்தால் "அட்வான்ஸைக் கட்டிட்டுப் போ" என்பதுதான் பதில். போனில் பேசும்போது பக்கத்திலேயே ஆள் நிற்கும். கம்பெனி நடத்தியது யாரோ வடநாட்டு சேட்டு என்று நினைக்காதீர்கள். நம்ம பக்கத்து ஆள்தான், நம்ம பேச்சுதான்.

மீட்டு வரப் பெரிய ஆட்களைத்தான் முதலில் தேடினோம். அதுதானே வழக்கம். கட்சிக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், மதுரையில் செல்வாக்குள்ள சொந்தக்காரர் ஒருவர். எல்லோரும் உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள், பார்க்கலாம் என்றார்கள். கடனை அடைத்துவிட்டுக் கூட்டி வருவதுதான் லேசு என்று ஒருவர் புத்தி சொன்னார். காபிக்கு நன்றி.

அதற்கப்புறம் வந்தவர்களைப் பற்றித்தான் இந்த மடல்.

எங்கள் சபை சின்னது. திருவிருந்துக்கு மாதம் ஒருமுறை ஐயர், அதாவது சபைப் போதகர், வருவார், மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது உபதேசியார்தான். அவருக்குத் திக்குவாய். வேதபாடம் வாசித்தால் மற்ற ஊரில் ஆராதனை முடிந்து சோறு பொங்கிவிடுவார்கள். சின்னப் பிள்ளைகள் அவரைப் போலவே பேசிக் காட்டுவார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். சர்க்கரை வியாதி வேறு. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குத் தானே போய் மனு கொடுத்துப் பேசுவதாக அவர் சொன்னபோது சபையில் ஒருவரும் ஆமென் சொல்லவில்லை.

இந்த இடத்தில் எல்லோருக்கும் வேதாகமத்து மோசே ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. அடிமைப்பட்ட சனத்தை விடச் சொல்லி ராஜாவிடம் பேச வேண்டிய வேலை. அதற்குப் பிடித்த ஆள், ஒரு எகிப்தியனை அடித்துக் கொன்று மணலில் புதைத்துவிட்டு மீதியானுக்கு ஓடிப்போய் மாமனார் ஆட்டை மேய்த்துக்கொண்டிருந்தவன். எண்பது வயது வேறு. "நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்" என்று அவனே சொல்லித் தட்டிக் கழிக்கப் பார்க்கிறான். கடைசியில் வேறு யாரையாவது அனுப்பும் என்றே கேட்டுவிடுகிறான், கர்த்தருக்குக் கோபம் வருகிறது. கோபம் வந்த பிறகும் அவன் நாக்கை அவர் சரிபண்ணவில்லை, அதைக் கவனியுங்கள். அண்ணன் ஆரோனைக் கூட அனுப்புகிறார், அவ்வளவுதான். இரண்டு அதிகாரம் தள்ளிப் போய்ப் பார்த்தாலும் மோசே தன் உதடுகளைப் பற்றிப் புலம்பிக்கொண்டுதான் இருக்கிறான்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பையன்கள் வந்த பிறகு ஒரு ஜெபக்கூட்டத்தில், தேவன் எங்கள் உபதேசியாரின் நாவின் கட்டை அவிழ்த்தார் என்று வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் உருக்கமாகப் பேசினார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கலெக்டர் ஆபீஸிலும் அவர் திக்கினார், வடக்கே போன இடத்திலும் திக்கினார். ரயிலில் போகிற வழியெல்லாம் அவருக்கு வயிறு கலங்கியது, பாதி நேரம் கழிப்பறைப் பக்கம்தான் நின்றார். பயம் போகவே இல்லை, பயத்தோடேயே போனார். மனுவை வாங்கிய அந்தப் பெண் அதிகாரி, ஒரு தடவைகூட அவர் வாக்கியத்தைத் தானாக முடித்துவிடாமல், பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். அம்மா, உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

ஆரோன் எங்கள் ஊர் டீக்கடைக்காரர். வாலிபத்தில் பம்பாயில் பேக்கரியில் வேலை பார்த்தவர், இந்தி நன்றாக வரும். ஊருக்குள் அவர் சொல்கிற பம்பாய்க் கதைகளில் பாதி புளுகு என்பது எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மோசே மலையிலிருந்து இறங்கி வரத் தாமதமானதும் சனங்களுக்குப் பொன் கன்றுக்குட்டி செய்து கொடுத்ததும் அந்த ஆரோன்தானே, ஆகவே ஒப்பீடு அவருக்குப் பொருந்தும். கடையைப் பூட்டிவிட்டு உபதேசியாரோடு ரயில் ஏறினார். அங்கே தொழிலாளர் துறை ஆட்களிடமும் போலீஸிடமும் அவர்தான் பேசினார். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை என்று உபதேசியார் சாட்சி சொல்கிறார். கடை பூட்டியிருந்த நாட்களின் வியாபாரத்துக்கு யாரிடமும் கணக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்த மறுநாளே புதுக் கதைகள் ஆரம்பமாகிவிட்டன. அதில் அவர் நாலு ரவுடிகளைத் தூக்கி எறிந்திருக்கிறார்.

இனி, பெயர் வேண்டாம் என்று பயத்தில் சொன்னவர்.

அவர் முன்பு இதே வேலைக்குப் பையன்களைச் சேர்த்து அனுப்பியவர். எங்கள் நாலு பையன்களில் இருவரை பஸ் ஏற்றியதும் அவர்தான். கம்பெனி எந்த ஊர், எந்தச் சந்து, ரெய்டு வந்தால் பையன்களை எந்தப் பின்வாசல் வழியாக வேறு வீட்டுக்கு மாற்றுவார்கள் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். எங்களிடம் இருந்தது ஒரு போன் நம்பர், அதுவும் சுவிட்ச் ஆஃப். ஒரு நாள் இருட்டிய பிறகு உபதேசியார் வீட்டுக்கு வந்து, ஒரு காகிதத்தில் வழியை வரைந்து கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் அதுவும் போதாது என்று தோன்றியதோ என்னவோ, தானும் வருகிறேன் என்றார். ரயிலில் வேறு பெட்டியில் வந்தார். அங்கே சந்து முனையில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்று, முன்வாசலையும் பின்வாசலையும் கையைக் காட்டினார். அவர் காட்டாவிட்டால் முன்வாசலில் போலீஸ் நிற்க, பின்வாசல் வழியாகப் பிள்ளைகள் போயிருப்பார்கள். அதற்கப்புறம் அவருக்கு வந்த மிரட்டல் போன்களை இங்கே எழுத முடியாது.

ஏன் வந்தீர்கள் என்று கேட்டோம். "அந்தச் சின்னவன் என்னைய மாமான்னு கூப்பிட்டுக்கிட்டே பஸ் ஏறினான்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு மாமன் நான்.

அவரை ஒரு பரிசுத்தவானாக இந்த மடலில் மாற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. இன்னும் குடிக்கிறார். கோயிலுக்கும் வருவதில்லை, எந்தக் கோயிலுக்கும். அவர் செய்ததை என் அக்கா மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. மன்னிப்பது என் அக்காவின் காரியம், அதில் யாரும் அவளை அவசரப்படுத்த வேண்டாம். நன்றி சொல்வது என் காரியம், அதைச் சொல்லிவிடுகிறேன். அண்ணே, உங்களால்தான் பிள்ளை கிடைத்தான். திருந்திய பிறகு வா என்று உங்களிடம் ஆண்டவர் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்லியிருந்தால் நாங்கள் இன்னும் அந்த சுவிட்ச் ஆஃப் நம்பரையே அழுத்திக்கொண்டிருப்போம்.

அங்கன்வாடி டீச்சரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஊர்ப் பெண்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். கம்பெனிக்காரர் அதிகாரிகளிடம் காட்டிய காகிதத்தில் எல்லாப் பையன்களுக்கும் வயது 18 தாண்டியிருந்தது. டீச்சர் கணக்கு எழுதுவதில் மந்தம் என்று மெமோ வாங்கியவர். ஆனால் எழுதிய எதையும் தூக்கிப் போடமாட்டார். கரையான் அரித்த ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்து, இந்தப் பிள்ளைகள் கைக்குழந்தையாக இருந்தபோது எடை போட்டுக் குறித்து வைத்த பழைய நோட்டுகளை எடுத்துக் கொடுத்தார். பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டின் நகலும் சேர்ந்ததும் வயது நிரூபணம் ஆகிவிட்டது. மேலிடத்தைக் கேட்காமல் ஏன் கொடுத்தாய் என்று இன்னொரு மெமோ வரும் என்று தெரிந்தேதான் கொடுத்தார். யாத்திராகமத்தில் பார்வோனுக்குப் பெயரே இல்லை. அவன் பேச்சைக் கேட்காமல் ஆண்பிள்ளைகளை உயிரோடு விட்ட இரண்டு மருத்துவச்சிகளுக்குப் பெயர் இருக்கிறது: சிப்பிராள், பூவாள். எங்கள் டீச்சரின் பெயரை எழுத முடியவில்லையே என்பதுதான் எனக்குக் குறை.

ரயில் செலவுக்கு மேலத்தெருக் கிழவி திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இரண்டு ஆட்டை விற்றுக் காசு கொடுத்தார். அவருக்கும் இந்தப் பையன்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. எதற்கு ஆத்தா என்றால், தான் பிறந்த ஊர்ப் பக்கத்துக் கதையைச் சொன்னார். சில சாதிகளையே குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய வெள்ளைக்காரன் காலத்துக் குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து நின்றவர்களை 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டபோது, அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போய் உயிரைவிட்ட மாயக்காளின் கதை. "அவ உசுரையே குடுத்தா, நான் ஆட்டத்தானப்பா குடுக்கேன்" என்றார். ஆட்டுக் காசைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கதவைச் சாத்திக்கொண்டார்.

கருப்பசாமி கோயில் பூசாரி அண்ணனுக்கும் நன்றி. பையன்கள் திரும்பும்வரை கோயிலில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டதோடு, உபதேசியார் ஊரில் இல்லாத நாட்களில் அவர் வீட்டு மாட்டுக்கும் தீனி வைத்தார். உபதேசியார் மோசே கதையை அவரிடம் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உங்க சாமி திக்குவாய்க்காரனைத் தேடிப் போச்சு. எங்க சொக்கன் வந்திக் கிழவிக்காக உதிர்ந்த பிட்டக் கூலியா வாங்கிக்கிட்டு வைகைக் கரைக்கு மண்ணு சுமந்து பிரம்படி பட்டாரு. ரெண்டு பேருக்கும் பெரிய இடத்துச் சகவாசமே ஆகாது போல" என்றார். நான் கேட்ட பிரசங்கங்களில் இது நல்ல பிரசங்கம்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு, அந்த ஊரில் கூட வந்த அதிகாரிகள், காசு வாங்காமல் மனு எழுதிக் கொடுத்த வக்கீல் தங்கச்சி எல்லோருக்கும் நன்றி. விடுதலைச் சான்றிதழ்கள் கைக்கு வந்துவிட்டன. நிவாரணப் பணத்துக்கு மனு போயிருக்கிறது, வழக்கும் நடக்கிறது.

இந்த மடலைப் படிக்கிறவர்களில் பிள்ளையை இப்படி அனுப்பிவிட்டுத் தவிக்கிற தாய் தகப்பன் இருக்கலாம். உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1976-ஆம் வருடக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அந்த அட்வான்ஸ் கடன் செல்லாது. நீங்கள் கட்ட வேண்டியதில்லை, கட்டினால் அதை வாங்குவதும் குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் பண்ணுங்கள், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள். பேச்சு வராவிட்டால் எங்கள் ஊருக்கு வாருங்கள். உபதேசியார் கூட வருவார், மொழி தெரியாத ஊர் என்றால் டீக்கடைக்காரரையும் கிளப்பிவிடலாம்.

என் மருமகன் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வாக எழுதப் படித்துக்கொண்டிருக்கிறான். கணக்கு வரவில்லை, அதற்கு ஆள் தேடுகிறோம். முறுக்கைக் கண்டால் எழுந்து போய்விடுகிறான், அதனால் விசேஷ வீட்டுப் பலகாரத் தட்டில் நாங்கள் இப்போது முறுக்கு வைப்பதில்லை.

அறுப்பின் பண்டிகையன்று ஸ்தோத்திர ஆராதனை வைத்திருக்கிறோம். முடிந்ததும் எங்கள் சபைக் கோயில் வளாகத்தில் கறிச்சோறு. பூசாரி அண்ணனும் வருகிறார், கிழவியைத் தூக்கிக்கொண்டாவது வந்துவிடுவோம். இருட்டில் வந்து வழி வரைந்து கொடுத்த அண்ணனுக்கும் இலை உண்டு. உள்ளே வரச் சங்கடமாக இருந்தால் வேப்பமரத்தடியில் பந்தி போடுகிறோம், அங்கே வந்து உட்காருங்கள். என் அக்கா பரிமாற வரமாட்டாள், நான் பரிமாறுகிறேன்.

இப்படிக்கு,
பையனின் தாய்மாமன்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்