அந்த மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள், டாக்டர்

நியூரோசர்ஜன்கள் எல்லோருக்கும் வணக்கம்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ் என் அக்காவுக்கு வந்து 11 வருஷம். விடாத தலைவலிக்காக எடுத்த ஸ்கேனில், மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் பட்டாணி அளவுக்குப் புடைத்திருப்பது தெரிந்தது. அனியூரிசம். வெடிக்கவில்லை. மருத்துவர் படத்தைத் திரையில் சுழற்றிக் காட்டி, மண்டையைத் திறந்து கிளிப் போடலாம், தொடை வழியாகக் குழாய் விட்டு காயில் என்ற மெல்லிய உலோகச் சுருளை வைத்து அடைக்கலாம், இல்லையென்றால் ரத்தத்தைப் புடைப்புக்குள் போகாமல் திருப்பிவிடும் வலைக்குழாயான ஃப்ளோ டைவர்ட்டர் என்று பொறுமையாகவே சொன்னார். அதில் குறையில்லை. அக்கா மடியில் வைத்திருந்த மாத்திரை டப்பாவை மட்டும் திறக்கச் சொல்லவில்லை.

பாதிக் கதை அதில்தான் இருக்கிறது. வருஷக்கணக்காக ஸ்டீராய்டு சாப்பிட்டவரின் அட்ரினல் சுரப்பி, உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானாகச் சுரப்பதையே மறந்துபோயிருக்கலாம். ஆபரேஷன் நேரத்தில் டோஸைக் கூட்ட வேண்டிவருமே தவிர, சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. எங்களுக்கு நீட்டிய அச்சுத் தாளிலோ, வழக்கமான மாத்திரைகளை எல்லாம் நிறுத்தவும் என்று ஒரே வரி.

அப்புறம், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் அந்த ஏ.பி.டி.டி. ரிப்போர்ட். லூபஸ் உள்ள சிலருக்கு இருக்கும் ஒரு ஆன்டிபாடியால், ரத்தம் உறைய நேரமாகிறது என்று சோதனைக்குழாயில் காட்டும், உடம்புக்குள்ளோ நேர்மாறாக, கூடாத இடத்தில் உறையும். அதற்குப் போய் லூபஸ் ஆன்டிகோகுலன்ட், அதாவது உறைவதைத் தடுப்பது, என்று பெயர் வைத்த புண்ணியவானை என்ன சொல்ல! அப்படிப்பட்டவர் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்றால், கிளிப் போட அதை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் எங்காவது உறையும். ஃப்ளோ டைவர்ட்டர் என்றால், ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் மாதக்கணக்கில் அதோடு சேரும், ரத்தக்கசிவு பயம். போதாததற்கு லூபஸ் சிறுநீரகத்தைத் தொட்டிருந்தால் ஆஞ்சியோவுக்கு ஏற்றும் சாயத்தையும் யோசிக்க வேண்டும்.

காயில்தான் நல்லது என்று 2002-லேயே ஐசாட் ஆய்வு சொல்லிவிட்டதே என்றார் எங்கள் நியூரோசர்ஜன். சரி, ஆனால் அது வெடித்த நிலையில் வந்த 2143 பேரை வைத்துச் செய்தது. அக்காவுடையது வெடிக்காதது, அதனால் நமக்கு நேரமும் இருக்கிறது. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: தேதி குறிப்பதற்கு முன்னால், லூபஸுக்கு வைத்தியம் பார்க்கும் ருமட்டாலஜிஸ்ட்டிடம் நீங்களே நேராகப் பேசுங்கள். நோயாளியைத் தூது விடாதீர்கள். வெடித்து வந்தால் நேரம் இருக்காது, அப்போது நடுராத்திரி என்றாலும் எழுப்புங்கள்.

எங்கள் விஷயத்தில் அக்காவே ருமட்டாலஜிஸ்ட்டுக்கு ஃபோனைப் போட்டு, ஸ்பீக்கரில் மேசைமேல் வைத்துவிட்டாள். இரண்டு மருத்துவர்களும் பேசியது ஏழு நிமிஷம். பேசிக்கொண்டே நியூரோசர்ஜன் அந்த அச்சுத் தாளை இழுத்து, அந்த ஒரு வரியைப் பேனாவால் அடித்தார்.