எனக்கு வந்த பங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொது சிவில் சட்டம் பற்றிய கட்டுரையில், முஸ்லிம் பெண்ணுக்குச் சகோதரன் பங்கில் பாதிதான், மற்ற மதத்துப் பெண்களுக்கு அந்தக் கவலை என்றுமே இருந்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என்றுமேயாம்!

1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. உயில் எழுதாமல் அப்பா இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால், இல்லையென்றால் 5,000 ரூபாய், எது குறைவோ அது. சீதனம் கொடுத்தாயிற்று என்றால் அதுவும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளை பக்கம் எங்கள் ஊர், முன்பு திருவிதாங்கூர்தான். 1979-இல் அப்பா போனதும் அண்ணன்மார் இந்தச் சட்டத்தைத்தான் சொன்னார்கள். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் பெரியண்ணன் அப்பாவின் விளையிலிருந்து ஒரு சக்கைப்பழம், அதாவது பலாப்பழம், கொடுத்தனுப்பினார். வருக்கை, நல்ல இனிப்பு. எனக்கு வந்த பங்கு அதுதான்.

பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவுக்கு அதற்கு முன்பே வாப்பாவின் நிலத்தில் 9 சென்ட் கிடைத்திருந்தது. "பாவம், அவங்களுக்குப் பாதிதானே" என்று சபைப் பெண்கள் நாங்கள் பரிதாபப்பட்டோம். நானும்தான்! அந்த 9 சென்ட்டில் இன்று அவர் மகன் வீடு கட்டிக் குடியிருக்கிறான்.

கேரளத்துக் கிறிஸ்தவப் பெண் மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரலிலிருந்தே அந்தச் சட்டம் செல்லாது, மகளுக்கும் சம பங்கு என்றது. கேட்டுப் பார்த்தேன். "கர்த்தருக்குப் பயந்தவ அண்ணன்மேல கேஸ் போடுவாளா?" என்றார் சின்னண்ணன். பயந்துதான் விட்டுவிட்டேன், கர்த்தருக்கு அல்ல.

உங்களுக்கு எங்கள் மாவட்டம் என்றால் 1982 மண்டைக்காடு மதக் கலவரம், டிசம்பர் வந்தால் ஸ்டார் விளக்கு. பத்மநாபபுரத்திலிருந்து நவராத்திரி விக்கிரகங்கள் புறப்படும் படத்துக்குக் கீழே 'கேரளம்' என்று போட்டீர்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதியே நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தாயிற்று ஐயா. அதற்கு எழுதிய கடிதம் என்ன ஆனதோ. சரி, போகட்டும்.

அந்த 'என்றுமே' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள், மூலையில் சின்னதாக இருந்தாலும் போதும். இந்தக் கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். சின்னண்ணனும் உங்கள் சந்தாதாரர்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விளவங்கோடு வட்டம்